மார்பகப் புற்றுநோயும் சாப்பாடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்பகப் புற்றுநோயையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கேட்டு வந்த கடிதங்களுக்காகவே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

என் அக்காவுக்கு 47 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. சுத்த சைவம், மது கிடையாது, வெளிச் சாப்பாடும் அபூர்வம். "நான் எதைச் சாப்பிட்டதால் இது வந்தது?" என்று தினமும் கேட்டு அழுகிறாள். நான் என்ன பதில் சொல்வது?

"நீ சாப்பிட்ட எதனாலும் வரவில்லை, அக்கா" என்று சொல்லுங்கள், சகோதரி. ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல இது. ஒரு தனிப்பட்ட பெண்ணைப் பார்த்து, இந்த உணவால்தான் உனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்று கை நீட்டிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

இந்த நோய்க்கான பெரிய காரணங்கள் பலவும் நம் கையில் இல்லாதவை. பெண்ணாகப் பிறந்தது முதல் காரணம், வயது ஏறுவது அடுத்தது. 12 வயதுக்கு முன்பே பூப்பெய்தியது, 55 வயதுக்குப் பிறகும் மாதவிடாய் தொடர்ந்தது, முதல் குழந்தை 30 வயதைத் தாண்டிப் பிறந்தது அல்லது குழந்தையே பிறக்காதது, மார்பகத் திசு அடர்த்தியாக அமைந்திருப்பது எல்லாம் இதில் சேரும். 100 பேரில் 5 முதல் 10 பேருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு காரணமாக இருக்கிறது. பலருக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது. செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் நேரும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நோயாகின்றன.

இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனோடு தொடர்புடையவை. மார்பகச் செல்கள் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு ஈஸ்ட்ரோஜனைச் சந்திக்கின்றன என்பது முக்கியம். சாப்பாடும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் மார்பகத்தைத் தொடுகிறது. மது அந்த ஹார்மோனைக் கூட்டுகிறது. உடம்பில் சேரும் கொழுப்பு அதைத் தயாரிக்கிறது. நார்ச்சத்து அதை வெளியேற்ற உதவுகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவற்றை இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் சுலபமாகப் புரியும்.

எனக்கு வயது 58. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எடையைக் குறைக்காவிட்டால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்கிறார் மருத்துவர். ஹார்மோன்தான் நின்றுபோய்விட்டதே, இனி எடைக்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது, அம்மா. நின்றது சினைப்பையின் உற்பத்திதான். ஈஸ்ட்ரோஜன் முழுவதும் நின்றுவிடவில்லை.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பின் முக்கிய ஈஸ்ட்ரோஜன் தொழிற்கூடம் கொழுப்புத் திசுதான். மார்பகமே பெரும்பகுதி கொழுப்பால் ஆனது என்பதால், அங்கே உற்பத்தி செல்களின் பக்கத்திலேயே நடக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இந்த நொதியைத்தான் அடைக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. எடை கூடும்போது இரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறும். இன்சுலின் ஏறினால், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கும். பிடித்து வைக்க ஆள் குறைந்தால் கட்டற்றுத் திரியும் ஹார்மோன் அதிகமாகும். ஆக, உற்பத்தியும் கூடுகிறது, கடிவாளமும் தளர்கிறது.

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண் பிஎம்ஐ. உங்கள் பிஎம்ஐ கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.55 × 1.55 = 2.40. 74-ஐ 2.40-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31. பொதுவான வரம்பு 25. ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. மாதவிடாய் நின்ற பெண்களில் பிஎம்ஐ 5 புள்ளி கூடும்போது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 12% கூடுகிறது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தொகுத்த ஆய்வுகள் காட்டுகின்றன.

நல்ல செய்தி: இந்த வயதில் குறைத்தாலும் பலன் உண்டு. 50 வயதைத் தாண்டிய சுமார் 1,80,000 பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஹார்மோன் மாத்திரை எடுக்காத பெண்களில், 2 முதல் 4.5 கிலோ வரை குறைத்து அதை அப்படியே தக்கவைத்தவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட 18% குறைவாக நோய் வந்தது. 9 கிலோவுக்கு மேல் குறைத்துத் தக்கவைத்தவர்களுக்கு 32% குறைவு. ஒல்லியாகிவிட வேண்டியதில்லை, இருக்கும் எடையிலிருந்து இறங்கினாலே போதும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எங்கே தொடங்குவது? முதல் இலக்கு 5%. உங்களுக்கு அது 3.7 கிலோ. மூன்று மாத அவகாசம் கொடுங்கள்.

எண்ணெயை முதலில் அளந்து பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 15 மி.லி., அதாவது சுமார் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும், ஆலிவ் எண்ணெயே ஆனாலும், இந்தக் கணக்கு மாறாது. சட்டியில் நேரடியாகச் சரிக்கும்போது கை எப்போதும் தாராளமாகத்தான் விழும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 தேக்கரண்டி, அதாவது 20 மி.லி. என்று வைத்து, வீட்டில் நான்கு பேர் என்றால் 80 மி.லி.யைக் காலையிலேயே ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். அன்றைய சமையல் அதற்குள் முடிய வேண்டும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே பல வீடுகளில் ஆளுக்கு 150, 200 கலோரி குறைந்துவிடும்.

அடுத்தது, குடிக்கும் கலோரி. ஒரு நாளைக்கு நான்கு கோப்பை தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 32 கிராம், கிட்டத்தட்ட 130 கலோரி. பழச்சாறும் இதே கதைதான். பழத்தில் வயிற்றை நிரப்பும் நார்ச்சத்து இருக்கிறது, வடிகட்டிய சாற்றில் அது போய்விடுகிறது.

புரதத்தைக் குறைக்காதீர்கள். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத்தான்). பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் என்று உங்கள் வழக்கப்படி மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். தசை கரைந்தால் உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும். பிறகு பழைய எடை திரும்பும்போது கொழுப்பாகவே திரும்பும். அதனால் வாரத்துக்கு 150 நிமிட வேக நடையோடு, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வாரம் இரண்டு நாள் வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

பலரும் தடுக்கி விழும் இடங்கள் இவை. காலையிலும் மதியமும் பட்டினி கிடந்து, இரவில் சேர்த்துச் சாப்பிடுவது. "உடம்புக்கு நல்லது" என்று கொட்டை வகைகளைக் கைநிறைய அள்ளுவது. 30 கிராம் பாதாமிலேயே 170 கலோரிக்கு மேல் இருக்கிறது. தினமும் எடை பார்த்து மனம் ஒடிந்துபோவது. உப்பும் நீரும் சேர்ந்தே ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றி இறக்கும். வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய்வந்த பின், ஒரே எடைக்கருவியில் பாருங்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில் முள் நகராமல் நிற்கும். உங்கள் தவறு அல்ல அது. உடம்பு சிறியதானதால் அதன் தேவையும் குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் நடையை 15 நிமிடம் கூட்டுங்கள், அல்லது தட்டில் மாவுச்சத்தை ஒரு கரண்டி குறையுங்கள்.

இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை நகராத மாதங்களில்கூட இந்த அளவு குறைவது உண்டு.

அப்படியானால் இளம் வயதில் பருமனாக இருப்பவர்களுக்கும் இதே ஆபத்தா? எனக்கு வயது 26.

இல்லை. 18 முதல் 30 வயதுக்குள் பருமனாக இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. இதை நம்பி எடையை ஏற்றிக்கொள்வது பெரிய தவறு. ஏறிய எடை மாதவிடாய் நிற்கும் வயது வரை கூடவே வரும். அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். நடுவில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வந்து சேரும்.

வார இறுதியில் மட்டும் ஒயின் குடிப்பேன். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்றும் படித்திருக்கிறேன். இந்த அளவு பரவாயில்லைதானே?

உணவு, பானம் என்று எடுத்துக்கொண்டால், மார்பகப் புற்றுநோயோடு மிக உறுதியாக நிரூபிக்கப்பட்ட தொடர்பு மதுவுக்குத்தான் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இதில் சிவப்பு, வெள்ளை, பீர், விஸ்கி என்ற பேதம் கிடையாது. எத்தனை கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது என்பதே கணக்கு.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம். மி.லி. அளவை, பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்குங்கள். 12% ஒயின் 150 மி.லி. என்றால் 14 கிராம். 5% பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். 40% விஸ்கி 30 மி.லி. என்றால் சுமார் 9.5 கிராம். வீட்டில் ஊற்றும் ஒயின் கோப்பை பெரும்பாலும் 150 மி.லி.யில் நிற்பதில்லை. ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள்.

53 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வந்த கணக்குப்படி, தினசரி 10 கிராம் ஆல்கஹாலுக்கு ஆபத்து 7% கூடுகிறது. "7 சதவீதம்" என்றால் என்ன என்று பலருக்கும் குழப்பம் வரும். 100 பெண்களில் கூடுதலாக 7 பேர் என்று அதற்குப் பொருள் அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் 7% என்று பொருள். ஆட்களாக எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளியும்: அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, வாரம் ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடிக்கும் 100 பெண்களில் சுமார் 11 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. தினமும் ஒரு கோப்பை குடிப்பவர்களில் அது 13 பேர், இரண்டு கோப்பை குடிப்பவர்களில் 15 பேர்.

மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி டி.என்.ஏ.வைக் கீறுகிறது, ஈஸ்ட்ரோஜனை உயர்த்துகிறது, அந்தக் கீறலைச் சரிசெய்யத் தேவைப்படும் ஃபோலேட் சத்தையும் கெடுக்கிறது. இதயத்துக்கு நல்லது என்ற வாதம் இப்போது வெகுவாக வலுவிழந்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. வார இறுதியில் ஒரு கோப்பை என்றால் ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் ஐந்து நாள் அளவை இரண்டு நாளில் குடித்தால் வாரக் கணக்கு அதேதான். எங்கள் ஆலோசனை: குடிக்காதவர்கள் தொடங்காதீர்கள், குடிப்பவர்கள் குறைக்கக் குறைக்க நல்லது. வேறு எந்த உணவு மாற்றத்தைப் பற்றியும் இவ்வளவு உறுதியாக எங்களால் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்தது. சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று வீட்டில் சோயா பாலையும் டோஃபுவையும் நிறுத்திவிட்டோம். சரிதானா?

நிறுத்த வேண்டியதில்லை. சோயாவில் இருப்பது ஐசோஃப்ளேவோன் என்ற தாவரச் சத்து, ஈஸ்ட்ரோஜன் அல்ல. வடிவத்தில் ஒத்திருப்பதால் செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இருக்கையில் அதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இருக்கையில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் நாடுவது பீட்டாவை; மார்பகச் செல்லை வேகமாகப் பெருகத் தூண்டுவது ஆல்ஃபா. பயம் கிளம்பியது எலிகளுக்குப் பிரித்தெடுத்த சோயாச் சத்தைக் கொடுத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்து. எலியின் உடம்பு அந்தச் சத்தைக் கையாளும் விதமே வேறு.

மனிதர்களிடம் பார்த்தபோது கிடைத்தது எதிர்மாறான விடை. ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் டமாக்சிபென் மாத்திரையை எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு பிரிவிலும் அப்படியே.

ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு பரிமாறல் போதும்: ஒரு கோப்பை சோயா பால், அல்லது 80 முதல் 100 கிராம் டோஃபு, அல்லது அரைக் கோப்பை வேகவைத்த சோயா பீன்ஸ். ஐசோஃப்ளேவோன் மாத்திரை, பொடி வகைகளைத் தொடாதீர்கள். அவற்றில் செறிவு பல மடங்கு இருக்கும். மேலே சொன்ன ஆய்வு உணவைப் பற்றியது, மாத்திரையைப் பற்றியது அல்ல.

சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய்க் கட்டிக்குத் தீனி போட்ட மாதிரி ஆகுமா?

ஆகாது. உடம்பின் எல்லாச் செல்களும் குளுக்கோஸில்தான் ஓடுகின்றன. கட்டி அதை அதிகமாக இழுக்கிறது என்பது உண்மை, கட்டியைத் தேடும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அந்த அடிப்படையில்தான். ஆனால் நீங்கள் ஒரு துளி சர்க்கரைகூடச் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விடும். கட்டியை மட்டும் பட்டினி போட வழியில்லை. சர்க்கரை தீங்கு செய்வது எடை வழியாகவும் இன்சுலின் வழியாகவும். சிகிச்சையில் இருக்கும்போது எல்லா இனிப்பையும் மாவுச்சத்தையும் வெட்டிவிட்டு, கீமோவுக்கு நடுவே தெம்பின்றிச் சரிவதுதான் நாங்கள் அஞ்சும் விஷயம்.

பாலையும் இறைச்சியையும் விட்டுவிட வேண்டுமா?

பால், தயிர் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. சில ஆய்வுகளில் சிறிது பாதுகாப்பு தெரிகிறது, வேறு சிலவற்றில் சிறிது ஆபத்து. இப்படிப்பட்ட இடத்தில் வழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

பன்றி, மாடு, ஆடு போன்ற சிவப்பு இறைச்சி சமைத்த எடையில் வாரம் 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை முடிந்தவரை தவிருங்கள். மதுவைப் போலவே பதப்படுத்திய இறைச்சியும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2015-ல் சேர்க்கப்பட்டது குடல் புற்றுநோய்க்காக. மார்பகத்தைப் பொறுத்தவரை சான்று அவ்வளவு வலுவாக இல்லை.

எண்ணெய், கொழுப்பையே அடியோடு குறைத்துவிட்டால் நோய் வராமல் தடுக்கலாமா?

இதைச் சோதிக்கவே அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 48,835 பெண்களை வைத்து மிகப்பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. ஒரு குழுவினர் மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கை 20% ஆக்கிக்கொண்டு, காய், பழம், தானியத்தைக் கூட்ட வேண்டும் என்பது திட்டம். 2006-ல் முடிவு வந்தது. அந்தக் குழுவில் மார்பகப் புற்றுநோய் 9% குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. சுமார் 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அந்தக் குழுவில் 21% குறைவாக இருந்தார்கள். கொழுப்பு குறைந்ததாலா, காயும் தானியமும் கூடியதாலா, எடை இறங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், அடியோடு ஒழிக்காதீர்கள்.

மகளுக்கு 15 வயது. பாட்டிக்கும் அத்தைக்கும் இந்த நோய் வந்தது. இப்போதிருந்தே அவள் சாப்பாட்டில் எதைக் கவனிக்கலாம்?

நல்ல வயதில் கேட்டிருக்கிறீர்கள். மார்பகத் திசு வளர்ந்து முதிர்வது பூப்பெய்தும் பருவத்திலிருந்து முதல் பிரசவம் வரை. அந்த இடைவெளியில் திசு எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும். அமெரிக்கச் செவிலியர்கள் 90,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. பள்ளி நாட்களில் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டதாகச் சொன்னவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 16% குறைவு.

நார்ச்சத்து என்ன செய்கிறது? கல்லீரல் வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கட்டிப் பொதிந்து பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்களில் சில, அந்தப் பொதியை அவிழ்த்துவிடும். அவிழ்ந்த ஹார்மோன் மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடும். நார்ச்சத்து நிறைய இருந்தால் ஹார்மோனில் ஒரு பங்கு அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் வெளியேறும். அவிழ்க்கும் பாக்டீரியாக்களின் வேலையும் மட்டுப்படும்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் இலக்கு. எப்படிச் சேரும் என்று பாருங்கள். ஒரு கோப்பை வெந்த பருப்பு அல்லது பயறில் சுமார் 15 கிராம். 60 கிராம் முழு கோதுமை மாவில் 6. நடுத்தரக் கொய்யா ஒன்றில் 5. 200 கிராம் காய்கறியில் 5 அல்லது 6. இவ்வளவுதான், 30-ஐத் தாண்டிவிட்டது. வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு அரை கிராம்கூட இல்லை. சோறு தட்டை நிரப்பி, காய் ஓரத்தில் ஒரு கரண்டி என்றிருந்தால் 12 கிராமைத் தாண்டுவதே கடினம்.

ஒரேயடியாக ஏற்றாதீர்கள். வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பிள்ளை இரண்டாம் நாளே தட்டைத் தள்ளிவிடுவாள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும். காய்களில் ஆரஞ்சு, மஞ்சள் நிறக் காய்களும் கரும்பச்சைக் கீரைகளும் இருக்கட்டும். அவற்றில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறச் சத்து, ஈஸ்ட்ரோஜன் சாராத வகை மார்பகப் புற்றுநோயைச் சற்றுக் குறைப்பதாகத் தெரிகிறது. சிறிது கொழுப்போடு சமைத்தால்தான் அது உடம்பில் ஒட்டும்.

பாக்கெட்டில் வரும் நொறுக்குத் தீனி, குளிர்பானம், உடனடி நூடுல்ஸ் போன்றவற்றைக் குறையுங்கள். பிரான்ஸில் 1,04,980 பேரிடம் நடத்திய ஆய்வில் (2018), சாப்பாட்டில் இந்த வகையின் பங்கு 10% கூடும்போது மார்பகப் புற்றுநோய் 11% கூடியிருந்தது. ஆனால் வீட்டில் புற்றுநோய் பெயரைச் சொல்லிச் சாப்பிடவைக்காதீர்கள். இந்த வயதுப் பெண்ணுக்குச் சாப்பாட்டின் மேல் பயம் விழுந்தால், அது தனி நோயாக வளரும்.

தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து குறையும் என்கிறார்களே?

குறையும். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தொகுப்பு (2002) சொல்வது: மொத்தமாகச் சேர்ந்த ஒவ்வொரு 12 மாதத் தாய்ப்பாலுக்கும் தாயின் ஆபத்து 4.3% குறைகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம். பால் சுரக்காமல் போனவர்கள் இதை நினைத்து மருக வேண்டாம்.

சிகிச்சை முடிந்து டமாக்சிபென் சாப்பிடுகிறேன். நோய் திரும்பாமல் இருக்க மஞ்சள் மாத்திரை, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை, வைட்டமின் டி எல்லாம் வாங்கித் தந்திருக்கிறார்கள். காய்கறிச் சாறும் குடிக்கிறேன். போதுமா?

மாத்திரைகளை முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெயரைச் சொன்னால் போதாது, டப்பாவோடு. டமாக்சிபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் ஆக மாறித்தான் வேலை செய்கிறது. மஞ்சளின் சத்தான குர்குமினை அதிக அளவில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில் (2019) எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. மிளகுச் சத்தான பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. கடையில் விற்கும் குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் பைப்பரின் சேர்த்தே இருக்கிறது. சமையலில் போடும் சிட்டிகை மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

வைட்டமின் டி தினமும் 2,000 யூனிட் கொடுத்து 25,871 பேரிடம் நடத்திய பரிசோதனையில் புற்றுநோய் வருவது குறையவில்லை (2018). இரத்தப் பரிசோதனையில் குறைபாடு இருந்தால் எலும்புக்காக எடுக்க வேண்டும், புற்றுநோயைத் தடுக்க அல்ல. பீட்டா கரோட்டின் மாத்திரை, புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது 1990-களில் இரண்டு பெரிய பரிசோதனைகளில் வெளிப்பட்டது. காயில் இருக்கும்போது நன்மை செய்யும் சத்து, மாத்திரையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சாறு பற்றி: மீண்டு வந்த பெண்களிடம் இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. ஒன்றில் 3,088 பேர். காய், பழம், காய்கறிச் சாறு, நார்ச்சத்து எல்லாம் வெகுவாகக் கூட்டினார்கள், எடை இறங்கவில்லை, நோய் திரும்புவதில் வித்தியாசமே இல்லை (2007). இன்னொன்றில் 2,437 பேர். கொழுப்பைக் குறைத்தார்கள், எடையும் சராசரியாக 2.7 கிலோ குறைந்தது, நோய் திரும்புவது 24% குறைந்தது (2006). எடைதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் கண் போவது அங்கேதான். உங்கள் எடை கூடியிருந்தால் சாறுக்குச் செலவழிக்கும் நேரத்தை நடைக்குக் கொடுங்கள்.

டமாக்சிபெனிலிருந்து லெட்ரோசோல் வகைக்கு மாற்றினால் எலும்பு தேயும். அப்போது கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. தேவை, 100 மி.லி. பாலில் சுமார் 120 மி.கி. இருக்கிறது. பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழமும் (ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்தது, திராட்சை அல்ல) அதன் சாறும் அறவே தவிர்க்க வேண்டும். அது மருந்து உடம்பில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அளவை ஆபத்தாக ஏற்றிவிடும்.

எனக்கு 45 வயது. நான்கு ஆண்டுகளாக நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் செய்கிறேன். எடையும் சரியாக இருக்கிறது. மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அவசியமா?

அவசியம். சாப்பாடு வாய்ப்பைக் குறைக்கும், பூஜ்ஜியமாக்காது. முதல் கேள்வியில் வந்த அக்காவை நினைத்துப் பாருங்கள். பி.ஆர்.சி.ஏ. என்ற பரம்பரை மரபணுக் கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 10-க்கு 7 பேருக்கு நோய் வருகிறது. அவர்களுக்கு எந்த உணவும் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. தாய், சகோதரி, மகள் யாருக்காவது 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2024 பரிந்துரை, 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாமோகிராம். வயதும் இடைவெளியும் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். வலியில்லாத கட்டி, தோல் சுருங்கி உள்வாங்குவது, முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுவது, அதிலிருந்து இரத்தம் கசிவது, இவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மாதவிடாய் முடிந்த வாரத்தில் நேரம் வாங்கினால் மார்பகம் அவ்வளவாக வலிக்காது. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட், கிரீம் எதுவும் பூசாமல் போங்கள். அவற்றில் உள்ள உலோகத் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்பநிலைப் புற்றுநோயின் சுண்ணாம்புப் புள்ளிகளும் அப்படித்தான் தெரியும். பழைய படங்கள் இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.